புரொஜெக்டர் வாங்குங்கள், அந்த 18 மாதத் தவணை வேண்டாம்

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். வயது 38. பிடித்தம் போக 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்து மாதம் 8,000 சம்பாதிக்கிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், பைக் தவணை, 3,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) எல்லாம் சேர்த்து 54,000 போய்விடும். மீதி 12,000. வங்கியில் 45,000 ரூபாய் டெபாசிட் இருக்கிறது. தீபாவளி போனஸ் 55,000 வரும். வீட்டில் ஃபுல் எச்டி புரொஜெக்டர் வைக்க ஆசை. கடையில் விளக்கு (லேம்ப்) வைத்த மாடல் புரொஜெக்டர், திரை, சவுண்ட்பார் மூன்றும் சேர்த்து 1,08,000 என்கிறார்கள். கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 6,000 வீதம் 18 மாதம். வருடத்துக்கு 8 படம் தியேட்டரில் பார்க்கிறோம், ஒரு தடவைக்கு 1,600 ஆகிறது. அது மிச்சமானால் போட்ட காசு திரும்பி வந்துவிடும்தானே? ஹால் 14 அடிக்கு 11 அடி. வெற்றுச் சுவர் இருக்கும் திசையில் 11 அடிதான் நீளம். இப்போது இருப்பது 32 இஞ்ச் டிவி. கோடையில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 470 யூனிட் வரை வரும். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. தியேட்டர் படி ஏற முடியாமல் இரண்டு வருடமாக எங்களோடு படத்துக்கு வருவதில்லை. கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் நான், மனைவி, இரண்டு குழந்தைகள் மட்டும் இருக்கிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் புரொஜெக்டரைப் பற்றிப் பல வரிகள் இருக்கின்றன. அப்பாவைப் பற்றி மூன்று. ஆனால் நீங்கள் ஏன் இதை வாங்க நினைக்கிறீர்கள் என்பது அந்த மூன்று வரியில்தான் இருக்கிறது. அதனால் 'வேண்டாம்' என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. வாங்குங்கள். எதை வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது, அதற்கு முன்னால் எதை முடிப்பது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

முதலில் தியேட்டர் கணக்கு. வருடத்துக்கு 8 படம், தலா 1,600 என்றால் 12,800. ஐந்து வருடத்துக்கு 64,000. இந்த ஐந்து வருடமும் நீங்கள் தியேட்டர் பக்கமே போகவில்லை என்று வைத்தால்தான் இந்தத் தொகை. பிள்ளைகள் பெரியவர்களாகும் வீட்டில் அது நடக்காது என்று உங்களுக்கே தெரியும்.

செலவுப் பக்கம் 1,08,000-த்தோடு நிற்காது. கடைக்காரர் சொல்லும் மாடல் எல்இடி அல்ல, விளக்கு வைத்தது. அந்த விளக்கு சுமார் 4,000 மணி நேரம் எரியும். தினமும் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் நாலரை வருடத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்கு 10,000 ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஓடிடி சந்தாவும் ஏறும். நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். 199 திட்டம் 720பி வரைதான் தரும். முழு எச்டி வேண்டுமென்றால் 499 திட்டத்துக்குப் போக வேண்டும். இப்போது போனில் 149 கட்டிப் பார்ப்பவராக இருந்தால் வருடத்துக்கு 4,200 ரூபாய் கூடுதல், ஐந்து வருடத்தில் 21,000. விளக்கையும் சந்தாவையும் சேர்த்தாலே 1,39,000 ஆகிவிடுகிறது. மிச்சமாவது 64,000. போட்ட காசு திரும்பி வராது. சந்தோஷத்துக்கு ஆகும் செலவு என்று ஒப்புக்கொண்டே இதை வாங்குங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. சேமிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு வாங்கும்போதுதான் கை நீள்கிறது.

கரண்டையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைத்த புரொஜெக்டர் சுமார் 300 வாட் இழுக்கும். இரண்டரை மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 45 யூனிட். கோடையில் நீங்கள் 470-இல் நிற்கிறீர்கள், 45 சேர்ந்தால் 515. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்துவந்த சலுகையும் போய், அதிலேயே 200 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். எல்இடி புரொஜெக்டர் சுமார் 100 வாட்தான், அதே கணக்கில் 15 யூனிட். நீங்கள் 500-க்குள்ளேயே நிற்கலாம்.

அடுத்து நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு இந்தத் திட்டத்துக்கு உருவம் மாறியதே தவிர, உள்ளே வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வங்கி 16 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 வீதம் 18 மாதம் கட்டித் தீரும் கடனின் அசல் சுமார் 95,400 ரூபாய்தான். மீதி 12,600 ரூபாய் வட்டி. அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கொடுத்து, உங்கள் பில்லில் ஒன்றும் இல்லாதது போலக் காட்டுகிறார்கள். ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். மொத்தம் 2,260 ரூபாய், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டேட்மென்டில் வரும். ப்ராசஸிங் கட்டணம் தனி. நீங்கள் கணக்கு பார்ப்பவர். இதே பொருளுக்கு மொத்தமாகக் காசு கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். தவணைக்காக 12,000 ரூபாய் விட்டுக்கொடுக்க முடிந்தவர்களால் ரொக்கத்துக்கும் ஏதாவது விட்டுக்கொடுக்க முடியும்.

ஆனால் இந்த 2,260 ரூபாயை விட எனக்குக் கவலை தருவது அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்பது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு வரி குறைந்தன. புரொஜெக்டருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமானது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18-இலிருந்து பூஜ்யமானது. முதலாவதைச் சொல்லிக் கடையில் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். இரண்டாவதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி எடுக்க முடியாது என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து அந்த வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பாலிசி பணம் தரத் தொடங்கும்வரை உள்ள காத்திருப்புக் காலமும் நாலு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது.

71 வயதில் பிரீமியம் கனமாகத்தான் இருக்கும். 5 லட்சம் பாலிசிக்கு 28,000 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் ஏறலாம். முழங்கால் வலியை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், உடனே கிடைக்காது. அதனால்தான் இந்த வருடமே தொடங்கச் சொல்கிறேன். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் காத்திருப்பில் சேருகிறது. பில்லில் 20 சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்ற கோ-பே நிபந்தனை மூத்தோர் பாலிசிகளில் அடிக்கடி வரும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக, போனஸ் 55,000-இல் 28,000 அப்பாவின் பாலிசிக்கு. மீதி 27,000-தான் உங்கள் சினிமாக் காசு. டெபாசிட்டில் கை வைக்க வேண்டாம். ஏற்கெனவே அது உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவுக்குக்கூடப் போதாது. மாதம் மிஞ்சும் 12,000-இல் 2,400-ஐ அடுத்த வருடப் பிரீமியத்துக்காக ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்) போடுங்கள். மீதி 9,600 அவசரத் தொகைக்கு. பன்னிரண்டு மாதத்தில் டெபாசிட்டோடு சேர்ந்து 1,60,000 ஆகிவிடும், கிட்டத்தட்ட மூன்று மாதச் செலவு. கடைக்காரரின் தவணையை எடுத்தால் மாதம் 3,600-தான் மிஞ்சும். அதே இடத்துக்கு வர இரண்டு வருடம் ஆகும். ஜவுளித் தொழிலில் இருக்கிறீர்கள். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைமும் போனஸும் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

27,000-க்கு என்ன கிடைக்கும் என்று முகம் வாடாதீர்கள். நன்றாகவே கிடைக்கும். தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கு உலக அளவில் வைத்திருக்கும் தரம் 48 நிட் (திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதன் அளவு). நல்ல டிவி அதைப் போல ஐந்தாறு மடங்கு வெளிச்சம் தரும். இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதால் தியேட்டரில் அந்த 48-ஏ கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. 100 இஞ்ச் படம் 221 சென்டிமீட்டர் அகலம், 125 உயரம். அந்தப் பரப்பில் 48 நிட் வர, புரொஜெக்டர் 415 லூமன் ஒளி வீசினால் போதும். அதாவது 500 ஆன்சி லூமன் ('ஆன்சி' என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்) உள்ள எல்இடி புரொஜெக்டர், சன்னலை மூடி விளக்கை அணைத்த உங்கள் ஹாலில், தியேட்டருக்கு இணையான வெளிச்சத்தைத் தந்துவிடும். அந்த அளவு ஃபுல் எச்டி மாடல் 20,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. எல்இடி விளக்கு 20,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும், இடையில் மாற்றும் வேலை இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது இரவுக்கான கருவி. ஐபிஎல்லில் ஏழரை மணி ஆட்டம் அருமையாக இருக்கும். சனி ஞாயிறு மூன்றரை மணி ஆட்டத்தில் பந்து எங்கே போகிறது என்றே தெரியாது. பகலில் பார்ப்பதுதான் உங்கள் வீட்டு வழக்கம் என்றால் புரொஜெக்டரை மறந்துவிட்டு பெரிய டிவியாக வாங்குங்கள். அப்பா பகலில் சீரியல் பார்ப்பவர் என்றால் அந்த 32 இஞ்ச் டிவியை விற்றுவிடாதீர்கள்.

அட்டைப் பெட்டியில் '9,000 லூமன்', '4கே சப்போர்ட்' என்றெல்லாம் இருக்கும். 2019-இல் நானே அப்படி ஒன்றை வாங்கினேன். 4கே வீடியோவை அது ஏற்றுக்கொள்ளும், ஆனால் சுவரில் விழுந்தது 800×480 புள்ளிகள்தான். எழுத்துப் போடும்போதே தெரிந்துவிட்டது. ஏற்றுக்கொள்ளும் தரம் வேறு, உள்ளே இருந்து படத்தை உண்டாக்கும் சில்லின் (சிப்) தரம் வேறு. 'நேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஃபுல் எச்டியின் அளவான 1920×1080 இருக்க வேண்டும். லூமனுக்கு முன்னால் 'ஆன்சி' இருக்க வேண்டும். திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து அளந்து, சராசரி எடுத்துச் சொல்லும் அளவு அது.

அடுத்தது உங்கள் 11 அடி. 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் புரொஜெக்டர் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 1.2 என்றால் 100 இஞ்சுக்கு 8.7 அடி, வசதியாக அடங்கும். 1.5 என்றால் 10.9 அடி. பின்னால் ஒயர் வைக்கவே இடம் இராது. 1,08,000 ரூபாய்ப் பொருளைச் சொன்னவர் உங்கள் ஹால் நீளத்தைக் கேட்டாரா?

வாடகை வீடு என்பதால் மேற்கூரையில் துளை போட வேண்டாம். எதிர்ச்சுவர் அலமாரியில் நேராக வையுங்கள். கோணலாக வைத்து 'கீஸ்டோன்' போட்டுச் சரிசெய்தால் படத்தின் கூர்மை குறையும். திரையும் இப்போது தேவையில்லை. வெற்றுச் சுவருக்கு வெள்ளை மேட் பெயின்ட் இரண்டு கோட், சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். சவுண்ட்பார் அடுத்த போனஸுக்கு இருக்கட்டும். அதுவரை வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரையே இணைத்துக்கொள்ளுங்கள். மலிவு மாடல் பலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் எச்டியில் ஓடாது, சிலவற்றில் ஓடவே ஓடாது. கடையிலேயே உங்கள் கணக்கில் உள்ளே போய் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் நாலைந்தாயிரத்துக்கு ஃபயர் டிவி ஸ்டிக் தனியாக வாங்க வேண்டிவரும். அதையும் 27,000-க்குள் அடக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சனிக்கிழமை, கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் ஒரு புரொஜெக்டர் எடுத்து வந்து சுவரில் போடுங்கள். அப்பாவை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார வையுங்கள். கழுத்தை அண்ணாந்து பார்க்கிறாரா, கண் கூசுகிறதா, இரண்டரை மணி நேரம் கால் நீட்டி உட்கார முடிகிறதா என்று கவனியுங்கள். படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தால் அவருக்கு வசதி என்பதைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். அந்த உயரத்தையும் 11 அடியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பில்லில் 'நேட்டிவ் 1920×1080' என்றும் ஆன்சி லூமன் எத்தனை என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.