ஹசார்ட் போட்டுட்டே ஓட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறப்ப பயங்கர பனி. முன்னாடி போன கார்லாம் நாலு இண்டிகேட்டரும் போட்டுட்டே போச்சு, நானும் போட்டேன். சரிதானுங்களே? (வாசகி, கோவை)

பதில்: இல்லம்மா, இனிமே போடாதீங்க. நாலு இண்டிகேட்டரும் சேந்து மினுக்குற அந்த ஹசார்ட் லைட்டு, வண்டி ரிப்பேராகி ரோட்ல நிக்கிறப்ப போடுறது. ஓடுற வண்டில போட்டா பின்னாடி வர்றவருக்கு நீங்க நிக்கிறீங்களா போறீங்களான்னு குழப்பம், அது எரியுறப்ப நெறைய கார்ல தனியா இண்டிகேட்டர் போட்டாலும் வெளிய தெரியாது, அப்புறம் கொண்டை ஊசி வளைவுல நீங்க ஒதுங்கப்போறது பின்னாடி வர்ற பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க. பனில லோ பீம், அதாவது டிம் லைட்டு போடுங்க, ஃபாக் லேம்ப் இருந்தா அதையும் போடுங்க. ஹை பீம், அதாவது பிரைட் லைட்டு வேண்டவே வேண்டாம், பனியோட தண்ணித்துளில பட்டு வெளிச்சம் உங்க கண்ணுக்கே திரும்பி அடிக்கும், எதிர்ல வெள்ளைச் சுவர் கட்டுன மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணும் பாத்துக்கங்க. இப்ப வர்ற கார்ல முன்னாடி டிஆர்எல்ங்கிற பகல் நேர லைட்டு தானா எரியும், உள்ள மீட்டரும் பளிச்சுனு இருக்கும், லைட் போட்டுட்டோம்னே நெனச்சுக்குவோம். ஆனா பல மாடல்ல டிஆர்எல் மட்டும் எரியுறப்ப பின்பக்க சிவப்பு லைட் எரியாது. மழைல, பனில சுவிட்சத் திருப்பி ஹெட்லைட்டே போட்டாத்தான் பின்னாடி வர்ற லாரிக்கு நீங்க தெரிவீங்க.

கேள்வி: ராத்திரி பைபாஸ்ல எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணக் கூசுது. நானும் பழைய பல்ப கழட்டிட்டு எல்இடி மாட்டிரலாமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: தயவுசெஞ்சு வேணாம். ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல பல்புக்குள்ள எரியுற இழை எந்த இடத்துல இருக்குமோ அத வச்சுதான் வெளிச்சத்தக் கீழ இறக்குவாங்க, அதுல கடைல விக்கிற எல்இடியச் சொருகுனா வெளிச்சம் கண்டபடி சிதறி டிம்ல இருந்தாலும் எதிர்ல வர்றவர் கண்ணுலதான் அடிக்கும். 8 மீட்டர் தூரத்துல, 1.5 மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக்கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதி 106லயே இருக்கு. உங்க கார்ல ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல 0 முதல் 3 வரைக்கும் நம்பர் போட்ட சின்னச் சக்கரம் இருந்தா, பின் சீட்டு டிக்கி எல்லாம் நெறஞ்சிருக்கப்ப அதத் திருப்பி பீமை இறக்கி வைங்க. பின்னாடி பாரம் ஏறுனா முன்பக்கம் தூக்கிக்கும், டிம் லைட்டே ஹை பீம் மாதிரி அடிக்கும், நம்மாளுங்க முக்காவாசிப் பேரு அந்தச் சக்கரத்தத் தொட்டதே இல்ல.

எதிர்ல வர்றவர் டிம் பண்ணலைன்னா பதிலுக்கு நீங்களும் பிரைட்ட அடிக்காதீங்க, ரெண்டு பேருக்குமே ரோடு தெரியாமப் போயிரும். வேகத்தக் கொறைச்சு, இடதுபக்க வெள்ளைக் கோட்டப் பாத்து ஓட்டுங்க.

கேள்வி: நாலு ரோடு ஜங்ஷன்ல நேராப் போக ஹசார்ட் போடணும்னு ஃப்ரெண்டு சொல்றான், நெஜமா? (வாசகர், மதுரை)

பதில்: கெடையாது. நேராப் போறவருக்கு எந்த லைட்டும் வேணாம். குறுக்கு ரோட்ல இடதுபக்கம் நிக்கிற பைக்காரருக்கு உங்க இடது இண்டிகேட்டர் மட்டுந்தான் தெரியும், நீங்க அவர் பக்கம் திரும்புறீங்கன்னு நெனச்சு அவர் பாட்டுக்கு உள்ள வந்துருவாரு.