பின்னாடி கீச்சு கீச்சுன்னு கத்துற பழைய ஸ்விஃப்ட்டு... ஷாக் மாத்தணுமா?

கேள்வி: சார், 2010 மாடல் ஸ்விஃப்ட் வச்சிருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குனா பின்பக்கம் கீச்சு கீச்சுன்னு சத்தம், பின்சீட்ல ஆள் உக்காந்தா இன்னும் ஜாஸ்தி. மழை பெஞ்சா ரெண்டு நாளைக்கு சத்தமே இல்ல, வெயில் அடிச்சதும் மறுபடி ஆரம்பிச்சிடுது. ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் போச்சுன்னு எஸ்டிமேட் போட்டு கைல குடுத்துட்டாங்க. மாத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு வேணாம். மழை பெஞ்சா சத்தம் அடங்கிடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பாதி விடை அதுலயே இருக்கு. காஞ்சு போன ரப்பர் இரும்புல உரசுனாதான் இந்த மாதிரி, தண்ணி பட்டா அடங்கும், காஞ்சா கத்தும். ஷாக் போயிருந்தா பெரும்பாலும் கீச்சுங்காது, டொக் டொக்குன்னு அடிக்கும், ஷாக்கு மேல ஆயில் வழிஞ்சு தூசி அப்பி கருப்பா இருக்கும், டிக்கிய அமுக்கி விட்டா வண்டி ஒரு தடவையில நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும். இதுல ஒண்ணும் இல்லேன்னா அந்த எஸ்டிமேட்ட மடிச்சு டேஷ்போர்டுல வைங்க.

முதல்ல டிக்கிய காலி பண்ணுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, பார்சல் டிரே எல்லாத்தையும் எடுத்துட்டு அதே ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு ரவுண்டு போங்க, டிக்கி சாமானோ பின்சீட்டு லாக்கோ கத்துறத சஸ்பென்ஷன்னு நெனச்சு செலவு பண்ணுனவங்க நிறைய பேர்.

அப்பவும் சத்தம் வந்தா சமதரையில நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வச்சு, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்க விடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தா டிரம் பிரேக்கே தனியா முனகும், அது குழப்பும். ஒருத்தர் பின்னாடி நின்னு அமுக்கட்டும், நீங்க சக்கரத்துக்கு பக்கத்துல உக்காந்து காதக் குடுங்க. வண்டிக்கு அடியில படுக்க வேணாம், ஜாக்கிய மட்டும் நம்பி சுத்தமா வேணாம். வாட்டர் பாட்டில் மூடியில ஓட்டை போட்டு ஒவ்வொரு இடமா தண்ணி அடிங்க, மொத்தமா ஊத்துனா எது கத்துச்சுன்னே தெரியாது. இந்த வண்டியில பின்னாடி டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின்சக்கரத்தையும் சேத்துப் புடிக்கிற இரும்பு பீம், அது பாடியோட சேர்ற எடத்துல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய புஷ் (நடுவுல இரும்பு குழாய் வச்ச ரப்பர்) இருக்கும், பின்சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னாடி. மொதல்ல அங்க. அடுத்து ஷாக்கோட கீழ் போல்ட்டு புஷ், அப்புறம் காயில் ஸ்பிரிங் உக்கார்ற ரப்பர் பேடு. எங்க தண்ணி பட்டதும் சத்தம் நிக்குதோ அதான் ஆளு.

ஒரு விஷயம், சில எடத்துல அடியில பிரஷர் வாஷ் அடிச்சு "சத்தம் போயிடுச்சு பாருங்க"ன்னு சாவியக் குடுத்துடுவாங்க. ரெண்டு நாள்ல காஞ்சதும் திரும்ப வரும். எஞ்சின் ஆயிலோ டீசலோ அடிக்கவும் விடாதீங்க, அதுல ரப்பர் ஊதி சீக்கிரம் பிஞ்சிடும். சும்மா காஞ்ச ரப்பர்தான்னா சிலிகான் ஸ்பிரே போதும், புஷ் வெடிச்சிருந்தா மாத்தித்தான் ஆகணும்.

பீம் புஷ் மாத்துற மெக்கானிக்குகிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க: வண்டி கீழ எறங்கி நாலு சக்கரத்துல வெயிட் வந்த அப்புறம்தான் அந்த போல்ட்ட ஃபைனலா டைட் வைக்கணும். அந்த ரப்பர் உள்ள இருக்குற இரும்பு குழாயோட ஒட்டியே இருக்கும், சுத்தாது, முறுக்கிக்கிட்டு மட்டும்தான் அசையும், சக்கரம் தொங்கும்போதே டைட் வச்சா கீழ எறக்குனதும் எப்பவும் முறுக்குன மேனிக்கே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். புது புஷ் போட்டும் மறுபடி கத்துற வண்டிங்க பாதி இந்த கதைதான். புஷ்ஷ சுத்தியால அடிச்சு ஏத்தாம பிரஸ் மெஷின்ல வச்சு அமுக்கி ஏத்துற எடமா பாருங்க. கழட்டுன பழைய புஷ்ஷ கைல வாங்கிப் பாருங்க, வெடிப்பு இருந்தா கண்ணுக்கே தெரியும், இல்லேன்னா எதுக்கு மாத்துனீங்கன்னு கேக்கலாம். பார்ட்ஸ் தனியா லேபர் தனியா பில் வாங்குங்க, பின்னாடி தகராறு வந்து நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டாலும் பில்லு இருந்தாத்தான் பேசவே முடியும்.

கேள்வி: ஒரு பக்க ஷாக்ல மட்டும் ஆயில் ஒழுகுது. அத மட்டும் மாத்துனா போதுமா?

பதில்: ஜோடியா மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் பழசுன்னா வளைவுல, பள்ளத்துல வண்டி ஒரு மாதிரி இழுக்கும். டப்பா மேல பேர பாத்து மட்டும் வாங்காதீங்க, டூப்ளிகேட் நிறைய ஓடுது, எம்ஆர்பி ஸ்டிக்கர், பார்ட் நம்பர் ரெண்டும் பில்லுல இருக்குறதோட ஒத்துப்போகுதான்னு கடையிலயே பாத்துடுங்க. ஷாக்கு முழுசா அமுங்குறப்ப இடி தாங்குற பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடிப்பொடியா ஆகியிருந்தா அதையும் சேத்தே போட்டுடுங்க, அதுக்குன்னு தனியா கழட்டுனா மறுபடி லேபர் குடுக்கணும்.