பழைய ஊர்ப் பஞ்சாயத்து நீதி இன்றைய சமூகத்துக்குப் பொருந்துமா?

பஞ்சாயத்தின் பேசித் தீர்க்கிற வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தண்டனை சொல்கிற அதிகாரத்தைத் திரும்ப அதன் கையில் கொடுக்கவே கூடாது. மதுரைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கோர்ட்டில் என்ன குறை என்று கேட்டால் எனக்கு ஒரு அண்ணன் தம்பி ஞாபகம்தான் வரும். வரப்புத் தகராறில் அண்ணன் மண்வெட்டிக் காம்பால் போட்ட போடில் தம்பிக்கு மண்டையில் ஆறு தையல். போலீஸ் அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 324-வது பிரிவில் கேஸ் போட்டது. எட்டாவது மாசம் வீட்டில் ஒரு கல்யாணம் வந்து இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். கேஸ் மட்டும் நின்றபாடில்லை. வாய்தாவுக்கு வாய்தா ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் உள்ளே போவார். அவர் செருப்பையும் மஞ்சள் பையையும் பார்த்துக்கொண்டு தம்பி வராந்தாவில் நிற்பார். "நாங்க சேந்துட்டோம்னு ஜட்ஜையாகிட்டச் சொல்லிருங்கண்ணே" என்று என்னிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பார்! வெறும் கையால் அடித்த 323-வது பிரிவு என்றால் மாஜிஸ்திரேட் முன்னாலேயே சமரசம் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆயுதத்தால் அடித்த 324, அப்படிச் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், கேஸை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கிற 482-வது பிரிவு மனுப் போட்டுத்தான் அதை முடித்தோம். அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இதையே ஊர் கூடிப் பேசுகிற மந்தையில் பேசியிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். வைத்தியச் செலவை அண்ணன் கொடுத்திருப்பார், நாலு பேர் முன்னால் கயிறு பிடித்து வரப்பை அளந்திருப்பார்கள். கோர்ட்டில் அபராதம் போட்டால் அது சர்க்கார் கஜானாவுக்குப் போகும். நீதிபதி தனியாக உத்தரவு போட்டால்தான் அதிலிருந்து அடிபட்டவனுக்கு ஏதாவது கிடைக்கும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சில சின்னக் குற்றங்களுக்குச் சமூக சேவையையும் தண்டனையாக வைத்திருக்கிறார்கள். இந்தப் போக்கு நல்லது, இன்னும் வரட்டும்.

ஆனால் மந்தையின் இன்னொரு முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயசு இருக்கும். ஊரில் ஒரு ஆடு காணாமல் போனது. காலனித் தெருப் பையன் ஒருத்தன் மேல் சந்தேகம். வெறும் சந்தேகம்தான். பெரியவர்கள் சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவனும் அவன் அப்பாவும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். பையன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெண்டம் எவ்வளவு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு காலில் விழ வேண்டும் என்றார்கள். மகனுக்குப் பதிலாக அப்பா விழுந்தார். திண்ணையில் இருந்த ஒவ்வொருத்தர் முன்னாலும், நெடுஞ்சாண்கிடையாக. எழுந்தபோது நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணை அவர் துடைக்கவே இல்லை. நாலாம் நாள் ஆடு பக்கத்து ஊர்க் கிடையில் கிடைத்தது. அதற்காக யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை.

ஆறு வருஷம் இழுத்தடித்த அதே கோர்ட்டில், குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு போலீஸுடையது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் காசில்லை என்றால் இலவச சட்ட உதவியில் வக்கீல் உண்டு, அப்பீல் உண்டு. சாவடித் தீர்ப்புக்கு எதிராக அந்த அப்பா எங்கே அப்பீல் போவார்? கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான் சொன்னது. வயதுவந்த இருவரின் கல்யாணத்தில் எந்த ஊர்ச் சபையும் தலையிடக் கூடாது என்று 2018-இல் சொன்னது. தலித் குடும்பங்களை ஊர்விலக்கு வைப்பது 2016 ஜனவரியிலிருந்து வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம். இத்தனைக்குப் பிறகும் பழைய முறைதான் சிறந்தது என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது, எழுதுகிறவர் திண்ணையில் உட்கார்ந்த வீட்டுக்காரரா, வெயிலில் நின்ற வீட்டுக்காரரா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

"ஸ்டேஷனுக்குப் போகவா, ஊரிலேயே பேசவா" என்று ஆபீஸுக்கு வருகிறவர்கள் கேட்பது உண்டு. "ஊர்க்கூட்டத்தில் உங்களை உட்கார வைத்துப் பேச விடுவார்களா?" என்று முதலில் கேட்பேன். போன மாசம் ஒரு அக்கா வந்திருந்தார், பாதை மறித்த தகராறு. அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பொம்பளைக அந்தப் பக்கமே போகக்கூடாது தம்பி" என்றார். புகார் மனு எழுதப் பேப்பரை எடுத்தேன்.