சாயம் வெளுக்காத நீலம்

கேள்வி: அமெரிக்காவில் நம் தமிழர் ஒருவர் புதிதாக ஒரு நீல நிறத்தைக் கண்டுபிடித்திருக்கிறாராமே! வெயிலோ மழையோ, சாயம் வெளுக்கவே வெளுக்காதாம். அதில் தபால் தலை அச்சடித்தால் என்ன?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: 'புதிதாக' என்கிறீர்கள். 2009இல் பிறந்த நிறம் ஐயா அது. பிள்ளையாக இருந்தால் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருக்கும்.

கண்டுபிடித்தவர் மாஸ் சுப்ரமணியன். பெயரிலேயே மாஸ், ரசிகர் மன்றம்தான் பாக்கி. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கியவர், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனிதர் நீலத்தைத் தேடவே இல்லை. மின்னணுக் கருவிகளுக்கு ஆகுமா என்று பார்க்க இட்ரியம், இண்டியம், மாங்கனீஸ் ஆக்சைடுகளைக் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் சுட்டார்கள். மாணவர் வெளியே எடுத்துப் பார்த்தால் பளீரென்று நீலம். அந்த மூன்றின் குறியீடுகளையும் ஒட்டி, 'யின்மின் நீலம்' என்று பெயர் வைத்தாயிற்று.

அது கிடக்கட்டும். 'சாயம் வெளுக்காது' என்றீர்களே, எனக்கு நரி ஞாபகம் வந்துவிட்டது. நீலத் தொட்டியில் விழுந்து ராஜாவான நரிக்கு ஒரு மழையில் வேஷம் கலைந்தது. தொட்டியில் அவுரிச் சாயத்துக்குப் பதில் யின்மின் இருந்திருந்தால்? இன்றைக்கும் அதன் பேரன்மார்தான் காட்டை ஆண்டுகொண்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கிடையாது. யின்மின் சாயமே அல்ல, தண்ணீரில் கரையாத பொடி. மயிரில் பிடிக்காது. நரி கரையேறி உடம்பை ஒரு உதறு உதறினால் ராஜ்யம் முடிந்தது. (மழையால் அல்ல, ஊளையிட்டதால்தான் நரி மாட்டியது என்று போன தடவை எட்டுப் பக்கம் எழுதிய பழைய நண்பருக்கு: பஞ்சதந்திரத்தில் ஊளைதான், ஒப்புக்கொள்கிறேன். என் பாட்டி சொன்னதில் மழை. நான் பாட்டி கட்சி.)

சரி, தபால் தலைக்கு வருவோம். அதற்கு வெளுக்கிற நிறம்தான் வேண்டும்! 1840இல் இங்கிலாந்தில் உலகின் முதல் தபால் தலை வந்தது. கறுப்புத் தலை, அதன்மேல் சிவப்பு முத்திரை. ஜனங்கள் முத்திரையை அழித்துவிட்டுத் தலையைத் திரும்ப ஒட்டினார்கள். மறு வருஷமே தலையைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். 1880களில் இன்னும் ஒரு படி மேலே போய், கழுவினால் தலையின் நிறமும் சேர்ந்து ஓடிவிடும் மையில் அச்சடித்தார்கள். நிறம் நிற்கக் கூடாது என்பதற்காகவே தயாரான மை! நீங்கள் நேர் எதிராகக் கேட்கிறீர்கள்.

நீலத்துக்குத் தபால் தலையில் என்றைக்கும் பஞ்சமில்லை. 1840இல் இரண்டு பென்ஸ் நீலம், 1854இல் கல்கத்தாவில் அச்சான நம் அரையணா நீலம். யின்மின்னில் இருக்கும் இண்டியமோ செல்போன் தொடுதிரைக்குப் போகிற விலை உயர்ந்த சரக்கு. அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புகிற குணம் அந்த நீலத்துக்கு உண்டு. கூரையில் பூசினால் வீடு அவ்வளவாகச் சூடேறாது. தென்காசி வெயிலுக்கு அதைக் கேளுங்கள், நியாயம்.

கழுவுகிற கலையில் என் பெரியப்பா விற்பன்னர். ஸ்டாம்ப்மேல் லேசாகக் கோந்து தடவித்தான் காரைக்குடி நண்பருக்குக் கடிதம் போடுவார். அவர் அதை வெந்நீரில் போட்டால் கோந்தோடு முத்திரையும் போய்விடும். அதே ஸ்டாம்ப் பதில் கடிதத்தில் ஏறி வீடு திரும்பும். நான்காவது பயணத்தில் மாட்டினார்கள். எங்கள் தெரு போஸ்ட்மேன் தனித்தமிழ்க்காரர், ஸ்டாம்ப் என்று சொல்லவே மாட்டார். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, தலை ரொம்ப வெளுத்துப்போச்சே" என்றார்.

பெரியப்பா தன் தலையைத் தடவிக்கொண்டே, "வயசாயிடுச்சு இல்லப்பா" என்றார்.