நூறாண்டுத் தண்டனையும் திரும்பாத பணமும்

வணக்கம் ஐயா,

அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியை, அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில் போட்டார். அது மோசடி என்பது பின்னால்தான் தெரிந்தது. பல வருட வழக்குக்குப் பிறகு அதை நடத்தியவருக்கு இப்போது சிறைத் தண்டனை கிடைத்திருக்கிறது. செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரி, நம்ம பணம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை போதுமா? இவர்களைத் தூக்கில் போட்டால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்கிறான் என் தம்பி.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா கேட்டதுதான் கேட்கவேண்டிய கேள்வி. எத்தனை வருடம் உள்ளே போட்டார்கள் என்றுதான் நாம் எல்லோரும் பார்க்கிறோம். தீர்ப்பு நாளில் தலைப்புச் செய்தியும் அதுதான். பணம் என்னவாயிற்று என்று யாரும் பின்தொடர்வதில்லை.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃபுக்கு 2009இல் 150 ஆண்டு சிறை. 2021இல் சிறையிலேயே இறந்தார். ஆலன் ஸ்டான்ஃபோர்டுக்கு 2012இல் 110 ஆண்டு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இவரை நினைவிருக்கும். 2008இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகாப்டரில் வந்திறங்கி, டாலர் கட்டுகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, ஒரே ஆட்டத்துக்கு 2 கோடி டாலர் பரிசு அறிவித்தவர். இருவரும் புதிதாகப் பணம் போட்டவர்களிடம் வாங்கிப் பழையவர்களுக்குக் கொடுத்துக் காலம் ஓட்டியவர்கள்தான். இருவருக்குமே ஆயுளைத் தாண்டிய தண்டனை. ஆனால் திரும்பி வந்த பணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேடாஃபிடம் மக்கள் இழந்த அசல் சுமார் 1,750 கோடி டாலர். அதில் 1,400 கோடிக்கு மேல் மீட்கப்பட்டுவிட்டது. ஸ்டான்ஃபோர்டிடம் போனது சுமார் 700 கோடி. பத்து வருடத்துக்கு மேல் சொற்பம்தான் கிடைத்தது. 2023இல் அவருடைய கணக்குகளைக் கையாண்ட சில வங்கிகள் வழக்கை முடித்துக்கொள்ள ஏறக்குறைய 160 கோடி தர முன்வந்த பிறகுதான் சொல்லும்படியான தொகை என்று ஒன்று வந்தது.

ஏன் இப்படி? மேடாஃப் வழக்கில் மீண்ட பணத்தில் பெரும்பகுதி அவருடைய வீட்டிலிருந்து வந்ததல்ல. போட்டதைவிட அதிகமாக எடுத்தவர்களைத் தேடிப் பிடித்து வசூலித்தார்கள். பல வருடங்களாக அவரிடம் பணத்தை எடுத்துக்கொண்டே இருந்த ஜெஃப்ரி பிகோவர் என்பவர் இறந்த பிறகு, அவருடைய சொத்திலிருந்து மட்டும் 720 கோடி டாலர் 2010இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டோ வாங்கியதைத் தன் தொழில்களிலும் ஆடம்பரத்திலும் கரைத்துவிட்டார். கரைந்ததை எந்த நீதிபதியாலும் திரட்ட முடியாது.

மேடாஃப் வழக்கில், மோசடி என்று தெரியாமலே லாபம் எடுத்துச் செலவழித்த வயதானவர்களிடமும் திருப்பிக் கேட்டார்கள். அது கொடுமையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அவர்கள் கைக்கு லாபம் என்று வந்தது இன்னொரு ஏமாந்தவரின் அசல்.

"திருப்பிக் கொடு" என்று தீர்ப்பில் எழுதிவிடுவது சுலபம். இரத்தப் பரிசோதனைக் கருவி என்று சொல்லி முதலீட்டாளர்களை ஏமாற்றிய அமெரிக்க நிறுவனமான தெரனோஸின் எலிசபெத் ஹோம்ஸுக்கு 11 வருடச் சொச்சம் சிறை. கூட்டாளியோடு சேர்ந்து 45.2 கோடி டாலர் தரவேண்டும் என்று உத்தரவு. விடுதலைக்குப் பிறகு மாதம் 250 டாலர் அல்லது வருமானத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அதைக் கட்டட்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. மாதம் 250 வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் தீர ஒன்றரை லட்சம் வருடம் ஆகும்.

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பங்குத் தரகர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் அத்தனை பேரை ஏமாற்றிவிட்டு 22 மாதத்தில் வெளியே வந்தார். அது அநியாயம். ஆனால் உங்கள் தம்பி கேட்கும் தூக்கும் தீர்வல்ல. வியட்நாமில் சுருட்டியதில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பிக் கொடுத்தால் மரண தண்டனை ஆயுளாகக் குறையலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. ட்ருவோங் மி லான் என்ற தொழிலதிபருக்கு 2024இல் மரண தண்டனை விதித்தபோதும் பேச்சு அந்தப் பணத்தைச் சுற்றியேதான் நடந்தது. மரண தண்டனை வரை போயும் கடைசியில் அவர்களும் கேட்டது பணத்தைத்தான்.

எனக்கு வேண்டியதெல்லாம், புகார் வந்த வாரமே கணக்குகளை முடக்கவேண்டும். மனைவி, மைத்துனர், பினாமி என்று யார் பெயருக்குப் போயிருந்தாலும் துரத்தவேண்டும். ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கிய ஏஜெண்டுகளிடமும் கேட்கவேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருந்தால் ஜப்தி செய்ய ஒன்றும் மிஞ்சாது.

அப்பா செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அவர்கள் கொடுத்த பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து முறையாக உரிமை கோரச் சொல்லுங்கள். இழப்பீடு பெரும்பாலும் அசலுக்குத்தான், அவர்கள் சொன்ன வட்டிக்கு அல்ல. ஏமாந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் மனு போடாமல் விடுபவர்கள் நிறையப் பேர். அப்புறம், "பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் இப்படிப்பட்டவர்கள் கைக்கும் போகிறது. ஒரு பைசா கொடுக்காதீர்கள், அந்த எண்ணைக் குறித்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.