வாசகர் கேள்விகள்: பிடிப்பது வரை சரி, அப்புறம்?

போன இதழில் ஒருவர், "திருடனைப் பிடித்து நாலு தட்டு தட்டினோம், தப்பா?" என்று கேட்டிருந்தார். "தப்புதான்" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதற்கான திட்டு. ஒரே வார்த்தையில் பதில் சொல்வது திமிர் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். அதனால் இந்த முறை வேறு விஷயம் எதையும் எடுக்கவில்லை.

கே: நாலு தட்டுக்கு இவ்வளவு பெரிய தீர்ப்பா? முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து எழுதியவர் நீங்கள். திருட்டுக் கொடுத்தவன் வயிற்றெரிச்சல் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ப: தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். கண் விழித்துப் பார்த்தால் காலடியில் வைத்திருந்த பை இல்லை. உள்ளே ஒரு மாதச் சம்பளம். கதவருகே ஒரு பையன் நின்றிருந்தான், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். அவன் இரண்டு முறை எங்கள் பக்கம் வந்து போனதைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்த ஞாபகம். "இவன்தான் இந்தப் பக்கமா சுத்திக்கிட்டிருந்தான்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

மேல் படுக்கையில் இருந்த ஒருவர் இறங்கி வந்து முதல் அறையை விட்டார். அவருடைய பொருள் எதுவும் காணாமல் போகவில்லை. அப்புறம் யார் அடித்தார்கள், யார் சட்டையைப் பிடித்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐந்து நிமிஷம் இருக்கும், எதிர் இருக்கையில் இருந்த அம்மா, "இதுவா பாருங்க" என்று ஒரு பையைக் காலால் தள்ளினார். வண்டி வளைவில் திரும்பியபோது என் பை சரிந்து அவர் இருக்கைக்கு அடியில் போயிருக்கிறது.

கூடிய வேகத்தைவிடக் கலைந்த வேகம் அதிகம். எல்லாரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பையன் குனிந்து செருப்பைத் தேடினான். ஒன்று கிடைத்தது. இன்னொன்று தள்ளுமுள்ளில் கதவு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். அடுத்த ஸ்டேஷனில் ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனான். அது அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷன்தானா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது பையைத் திறந்து பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்கள் நாலு தட்டில் உங்களுடையது எது? கோர்ட்டில் தப்பான தீர்ப்பு வராது என்று சொல்ல மாட்டேன், வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் கீழே ஒரு மனிதரின் கையெழுத்து இருக்கும், அதை எதிர்த்து மேலே போக ஒரு வழி இருக்கும். அந்தப் பையன் யார்மேல் அப்பீல் போவான்?

கே: உங்கள் ரயில் கதையில் யாரும் நேரில் பார்க்கவில்லை. நான் என் கண்ணால் பார்த்துப் பிடித்தால்?

ப: அப்போது பிடிக்கலாம். பல நாடுகளின் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், 40ஆவது பிரிவு: ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை உங்கள் கண் முன்னால் ஒருவர் செய்தால் நீங்களே பிடிக்கலாம். அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளியையும் பிடிக்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டுவது, மொட்டையடிப்பது, வீடியோ எடுப்பது எதற்கும் அதில் இடமில்லை. தற்காப்பு வேறு விஷயம். கத்தியோடு வருகிறவன் கையை முறுக்கினால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். கத்தி கீழே விழுந்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தால்தான் கேள்வி வரும்.

"கண்ணால் பார்த்தேன்" என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் குற்றமற்றவர் என்று நிரூபணமாகிச் சிறையிலிருந்து வந்தவர்கள் 300க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேரின் வழக்கில், "இவன்தான்" என்று தப்பாக அடையாளம் காட்டிய ஒரு சாட்சி இருந்திருக்கிறார். அவர்கள் எல்லாரும் பொய் சொன்னவர்கள் இல்லை. சத்தியம் செய்து, நடுங்காத குரலில், தப்பாகச் சொன்ன நல்லவர்களை நானே கூண்டில் பார்த்திருக்கிறேன்.

கே: எங்கள் தெருவில் இருபது பேர் சேர்ந்து இரவு ரோந்து தொடங்கியிருக்கிறோம். டார்ச், விசில், கம்பு எல்லாம் உண்டு. தெரியாத ஆள் வந்தால் நிறுத்தி விசாரிக்கிறோம். இதுவும் தப்பு என்பீர்களா?

ப: டார்ச் சரி, விசில் ரொம்ப சரி. கம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேலிக்குச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் காவல் குழுக்களைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அவை இருந்த இடங்களில் குற்றம் 16 முதல் 26 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுக்களுக்கு விதிக்கப்பட்ட வேலை, பார்ப்பதும் தகவல் சொல்வதும்தான்.

கம்பு கைக்கு வந்தால் வேலையே மாறிவிடும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 25 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் ஒரு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். திருடன் என்று தாங்களாக முடிவு கட்டிய மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தி வழிமறித்தார்கள். ஒருவர் சுட்டார், இளைஞர் செத்தார். "பொதுமக்களும் கைது செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதே" என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மூவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் பிடித்துத் தொங்கிய அந்தச் சட்டம் 1863இல் வந்தது. 2021இல் மாநிலமே அதை ரத்து செய்துவிட்டது.

"தெரியாத ஆள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். இரவு இரண்டு மணிக்கு வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக நான் நடந்து வந்தால் "என்ன சார், தூக்கம் வரலையா?" என்பீர்கள். அழுக்கு லுங்கியோடு ஒருவர் வந்தால்? அவர் ஷிப்ட் முடிந்து வருகிறவராக இருக்கலாம். போன வாரம் நீங்கள் நிறுத்தியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது திருடர்களை இல்லை.

இன்னொன்று, புகழ். நியூயார்க்கில் 1979இல் கர்டிஸ் ஸ்லிவா என்பவர் "கார்டியன் ஏஞ்சல்ஸ்" என்று ஒரு படை தொடங்கினார். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆயுதமில்லாமல் சுரங்க ரயில்களில் ரோந்து போனார்கள். ரயிலில் பயந்து பயந்து பயணம் செய்தவர்களுக்கு அவர்களைப் பார்த்தாலே தெம்பு. ஆனால் ஆரம்ப கால வீரச் செயல்கள் சில, பெயர் வாங்குவதற்காகத் தாங்களே ஜோடித்தவை என்று 1992இல் அவரே ஒப்புக்கொண்டார். நல்ல காரியத்துக்கும் கைதட்டல் பழகிவிட்டால், திருடன் வராத ராத்திரியில் என்ன செய்வது என்று தெரியாமல் போய்விடுகிறது.

கே: சிசிடிவியில் பதிவான முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில் என்ன தப்பு? கை வைக்கவில்லையே?

ப: போலீசிடம் கொடுங்கள், முழுப் பதிவையும் வெட்டாமல் கொடுங்கள். குழுவில் போடாதீர்கள். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பலர் சேர்ந்து படங்களை ஒப்பிட்டுத் துப்பறிந்தார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவனை "இவன்தான்" என்றார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசவுமேல் வசவு. அந்த மாணவனுக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை, அவன் ஏற்கெனவே இறந்துபோயிருந்தான். ரெடிட் மன்னிப்புக் கேட்டது.

கை வைக்கவில்லை என்கிறீர்கள். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டம், ராயின்பாடாவில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் சுற்றிய வதந்திதான் காரணம். செத்தவர்கள் பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டவர்களில் எத்தனையோ பேர் அந்த ஊரைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். அந்த மாதமே வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர முடியாதபடி கட்டுப்படுத்தியது. விரலும் கைதானே?

கே: போலீஸ் புகாரே வாங்குவதில்லை. அப்புறம் நாங்கள் என்னதான் செய்வது?

ப: எழுத்தில் கொடுங்கள், ரசீது கேளுங்கள். தராவிட்டால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். தனியாகப் போகாமல் இருபது பேராகப் போங்கள். திருடனை அடிக்க இருபது பேர் கூடுகிறோம், புகார் கொடுக்க ஒருத்தரைத் தனியாக அனுப்புகிறோம்.

கே: எல்லாவற்றுக்கும் "தள்ளி நில்" என்கிறீர்கள். இப்படித்தானே நியூயார்க்கில் ஒரு பெண் குத்துப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள்?

ப: கிட்டி ஜெனோவீஸ், 1964. அந்த 38 பேர் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று அதை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே 2016இல் எழுதிவிட்டது. குரல் கொடுத்தவர் இருந்தார், கடைசி நேரத்தில் ஓடிவந்து அந்தப் பெண்ணை மடியில் தாங்கிய பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தார். மனிதர்கள் வேடிக்கை மட்டுமே பார்ப்பவர்கள் என்று நான் நம்பவில்லை. லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன் நகரங்களின் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை 2019இல் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பதில், அந்த வழியாகப் போன ஒருவராவது தலையிட்டிருக்கிறார்.

எப்படித் தலையிட்டார்கள்? நடுவில் புகுந்து, கையைப் பிடித்து, விழுந்தவரைத் தூக்கி. இதைத்தான் நானும் கேட்கிறேன். அன்றைக்கு ரயிலில் ஒருவர், ஒரே ஒருவர், "இருங்க, முதல்ல பையைத் தேடுவோம்" என்று சொல்லியிருந்தால் போதும். தள்ளி நிற்கச் சொல்லவில்லை, அடிக்கிறவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவில் நிற்கச் சொல்கிறேன்.

கே: (பெயர் வேண்டாம்) எங்கள் குடியிருப்பில் மூன்று சைக்கிள்கள் காணாமல் போயின. மாடிப்படிக்கு அடியில் ஒருவன் பூட்டை அறுக்கும்போது பார்த்தேன். என் சிநேகிதியின் மகன், பதினாறு வயது. குழுவில் சொன்னால் பையனை உரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் வாட்ச்மேன் வேலை போய்விடும், எல்லாரும் அவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

ப: இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன், அம்மா. பையனுக்கு இரண்டு நாள் பொறுக்கலாம். வாட்ச்மேனுக்குப் பொறுக்க முடியாது. அதனால் முதல் வேலை, இன்றைக்கே குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் போய், "வாட்ச்மேன் எடுக்கவில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும், யார் என்று இன்னும் இரண்டு நாளில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். துளைத்துத் துளைத்துக் கேட்பார். சொல்லாதீர்கள்.

அடுத்தது சிநேகிதி வீடு. போனில் வேண்டாம். பையனையும் கூட உட்கார வைத்துப் பேசுங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பார்க்காத மற்ற இரண்டு சைக்கிளை அவன் தலையில் கட்டாதீர்கள். எத்தனை எடுத்தான் என்று அவன் வாயால் வரட்டும். சைக்கிள் திரும்பி வந்து, அவன் அம்மாவோடு போய் உரியவர்களிடம் ஒப்புக்கொண்டால், மேலே என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வராவிட்டால் மூன்றாம் நாள் போலீசுக்குப் போங்கள், குழுவுக்குப் போகாதீர்கள். பதினாறு வயது என்பதால் அவனை விசாரிக்கும் முறையே வேறு, அடிக்க யாருக்கும் அனுமதி கிடையாது என்பதையும் அங்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிநேகிதி கொஞ்ச நாள் உங்களோடு பேச மாட்டார். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், வெளியிட மாட்டேன். வாட்ச்மேனைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.