காலி நாற்காலிகளுக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் சந்திப்பதற்காக ஓர் ஓட்டலின் சிறிய ஹாலில் மதிய பஃபே ஏற்பாடு செய்தேன். வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் வருவதாகச் சொன்னார்கள். தலைக்கு 850 ரூபாய். யார் வந்தாலும் வராவிட்டாலும் 35 பேருக்குப் பணம் தந்தாக வேண்டும் என்பது ஓட்டலின் நிபந்தனை. அட்வான்ஸ் 10,000 ரூபாயை நானே கட்டினேன். வந்தது 27 பேர். அவர்கள் 850 ரூபாய் கொடுத்தார்கள். மீதி என் தலையில் விழுந்தது. வராதவர்களிடம் கேட்பது முறையா? அடுத்த ஆண்டும் நீயே செய் என்கிறார்களே, என்ன செய்வது?
- வாசகி, கோயம்புத்தூர்

அன்புச் சகோதரிக்கு,

கேட்பது முறைதான். ஆனால் எவ்வளவு, யாரிடம் என்பதை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 850 ரூபாயோடு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் தலைக்கு 892 ரூபாய் 50 காசு. 35 பேருக்கு 31,237 ரூபாய் 50 காசு பில் வந்திருக்கும். உங்கள் கைக்கு வந்தது 22,950. ஆக, நீங்கள் இழந்தது 8,287 ரூபாய் 50 காசு. இதில் 7,140 ரூபாய் எட்டுக் காலி நாற்காலிகளுக்கானது. எஞ்சிய 1,147 ரூபாய் 50 காசு, வந்தவர்களிடம் வரியைச் சேர்த்துச் சொல்லாததால் ஏற்பட்டது. 850 என்று சொல்லி வாங்கிய பிறகு அந்த இரண்டாவது தொகையைக் கேட்பது அழகல்ல என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

முதல் தொகையை விடாதீர்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்கள் 13 பேர். உண்மையான நெருக்கடியில், உதாரணமாக மருத்துவமனையில் அப்பாவோடு, ஒருவர் இருந்திருந்தால், அவரை நீக்கிவிடுங்கள். மற்ற 12 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 595 ரூபாய் வரும். முழு 850 கேட்பதைவிட இதுவே நியாயம். நேர்ந்த நஷ்டத்தைத்தான் கேட்கிறீர்கள், அபராதம் விதிக்கவில்லை. குழுவில் எல்லோர் முன்னிலையிலும் பெயர்ப் பட்டியல் போடாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பில்லின் புகைப்படத்தோடு அனுப்புங்கள். "அன்று நீ வர முடியாமல் போனதில் வருத்தம். சொன்ன எண்ணிக்கைக்கு ஓட்டலில் பணம் கட்ட வேண்டியதாயிற்று. உன் பங்கு 595 வருகிறது, அனுப்பிவிடுகிறாயா?" என்ற மூன்று வரி போதும். பலர் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் நீங்கள் கைப்பணம் போட்டது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு முறை நினைவூட்டியும் தராதவரிடம் மூன்றாவது முறை கேட்க வேண்டாம்.

ஓட்டல்காரர் மீது கோபப்படவும் இடமில்லை. காலையிலேயே 35 பேருக்கு அரிசி களைந்து, காய் நறுக்கி, வேறு யாருக்கும் தராமல் ஹாலை ஒதுக்கி வைத்திருக்கிறார். பில்லில் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்களைக் கேட்காமல் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கப்பட்டிருக்கிறதா? அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நம் கல்யாண வீடுகளில் அழைப்பிதழோடு யாரும் பதில் கேட்பதில்லை. சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்பார், வீட்டுப் பெரியவர் உத்தேசமாக ஒரு கணக்குச் சொல்வார், கூடினாலும் குறைந்தாலும் அந்த வீடு தாங்கிக்கொள்ளும். அழைப்பவர் முகத்துக்கு நேரே வர மாட்டேன் என்பது மரியாதைக் குறைவு என்று பழகிய நாம், "கட்டாயம் வந்துடறேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிடுகிறோம். உங்கள் நண்பர்கள் செய்ததும் அதுதான். பங்கு போட்டுச் சாப்பிடும் விருந்தில் அப்படித் தாங்கிக்கொள்ள ஒரு வீடு கிடையாது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நானும் ஒரு முறை இப்படி ஏற்பாடு செய்து, நீள மேசையின் கடைசியில் கவிழ்த்த தம்ளர்கள் அப்படியே இருக்க, வாசலையே பார்த்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன். பணத்தைவிட அந்த மேசைதான் இன்றும் நினைவில் நிற்கிறது; உங்கள் கடிதத்திலும் அதே வலியைப் பார்க்கிறேன்.

ஆகவே அடுத்த ஆண்டு, சொன்னவர்களை எண்ணாதீர்கள், பணம் கட்டியவர்களை எண்ணுங்கள். ஓட்டலுக்கு அட்வான்ஸ் தருவதற்கு முன்பே ஒரு தேதி குறித்து, வரி சேர்த்த முழுத் தொகையையும் ஜிபேயில் வாங்கிவிடுங்கள். (அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டல்களில் உணவுக்கு 18 சதவீத வரி என்பதால், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஓட்டலில் கேட்டுக்கொண்ட பிறகே நண்பர்களிடம் விலை சொல்ல வேண்டும்.) எண்ணிக்கையைக் குறைக்க ஓட்டல் தரும் கடைசி நாள் எது என்று கேட்டு, அதற்கு ஒரு நாள் முன்புவரை விலகுபவருக்கு முழுப் பணமும் திரும்பும், அதன் பிறகு திரும்பாது, ஆனால் தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்று, பணம் கேட்கும் அதே செய்தியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் அது தண்டனை போல ஆகிவிடும்.

ஓட்டலிடமும் பேச இடமுண்டு. 40 பேர் என்றால் 30 பேருக்கு மட்டும் உறுதி தருகிறேன், கூடுதலாக வந்தால் அதற்குத் தனியாகத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். முழுவதுமாக ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்திருந்தாலும் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஒரு மாதம் முன்பே சொல்லி, அந்த ஹாலையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட பிறகு முழு அட்வான்ஸையும் பிடித்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வராத 13 பேரில் ஓரிருவருக்கு 850 ரூபாயே பாரமாக இருந்திருக்கலாம், அதைக் குழுவில் சொல்லக் கூசியிருக்கலாம். நிபந்தனையே இல்லாத ஒரு சாதாரணச் சாப்பாட்டு ஓட்டலில் மேசைகளை மட்டும் சொல்லிவைத்து, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுக்கும்படி ஒரு முறை செய்து பாருங்கள், அவர்களும் வரக்கூடும்.

பஃபேதான் வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னால், நீங்களே செய்யுங்கள், ஆனால் பணக் கணக்கை மட்டும் வகுப்பில் இன்னொருவர் வைத்துக்கொள்ளட்டும். அன்று வாசலைப் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.